அவன் போட்ட பூட்டு

திரை கறுப்பாகவே இருந்தது. இடது மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: கிராஃபிக்ஸ் டிரைவரின் பதிப்பும் அதன் கோப்புகளின் பதிப்பும் பொருந்தவில்லை. மணி மூன்றேகால். எரிக் நான்காவது முறையாகக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தான். ஐந்து வருஷம் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் போனில் இதைத்தான் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தான். வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை.

ஞாயிறு மூன்றிலிருந்து நாலு. மைசூரில் தன் அம்மாவோடு இருக்கும் மகள் கேரல் அவனோடு மனம்விட்டுப் பேசும் நேரம் அது ஒன்றுதான். போனில் கேட்டால் 'ம்' என்பாள், 'சாப்ட்டேன்' என்பாள். இருவரும் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் வாய் ஓயாது. ஸ்கூலில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், அம்மா எதற்கு அழுதாள், எல்லாவற்றையும் அதில் கட்டும் வீட்டுக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டே சொல்வாள். போன வாரம் அவன் பக்கம் படம் திக்கித் திக்கி ஓடியது. "டாடி, நீ எப்பவும் லேட்டாவே வர்ற" என்றாள். அதற்காகத்தான் இன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் லினக்ஸோடு வந்த, திரைக்குப் படம் அனுப்பும் பழைய டிரைவர் மென்பொருளைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டான். கழற்ற வேண்டும் என்று தெரியாதவன் இல்லை. அவசரம்.

பிறகு இரண்டையும் கழற்றி, மறுபடி ஒன்றை மட்டும் போட்டும் பார்த்துவிட்டான். ஏதோ ஒரு துண்டு இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனில் தேடி, யாரோ எழுதியிருந்த கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டினான். அதே வரி.

கேரலின் அம்மா வீணா போனில் கூப்பிட்டாள்.

"எரிக், அவ ஹெட்போன மாட்டிட்டு உக்காந்திருக்கா."

"பத்து நிமிஷம்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதத்தான் சொல்ற."

போன் கைமாறியது.

"டாடி, நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறேன். நீதான பூட்டு போட்ட? வந்து தொற."

"வரேன் பாப்பா. லைன்லயே இரு."

அவள் போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் வைத்த போனோடு அவன் இன்னொரு கட்டளையைத் தட்டினான். பத்து நிமிஷம் போயிற்று, இருபதும் போயிற்று. அவன் ஜன்னலுக்கு வெளியே ஆஸ்டின் டவுன் தெருவில் யாரோ பைக்கைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"அபினவ், பின்பக்கமா வா" என்றது கேரலின் குரல். "செவுத்த ஒடச்சிக்கலாம்."

அபினவ் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவள் சிரித்தாள். போன் இன்னும் மேஜையில் இருப்பது அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். எரிக் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டான். மறு கையின் விரல் ரீஸ்டார்ட் பொத்தானின் மேல் இருந்தது. காதுக்குள் அவள் மவுஸ் டக், டக்கென்று ஒவ்வொரு செங்கலாக உடைத்துக்கொண்டிருந்தது.