டூலன் வீட்டு முதல் மனைவியர்

எங்கள் பகுதியில் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை டென்மார்க்கில் பிறந்த அயர்லாந்துக்காரனாக இருந்தாலும் அந்த முறையில் மாற்றமில்லை. மன்னாரில் என்றால் சந்தையில் நாலு பேரைக் கேட்டால் போதும். நாங்கள் இப்போது இருக்கும் டென்மார்க்கின் சில்க்போர்க்கில் யாரைக் கேட்பது? ஏரியில் நீந்திய வாத்துகளைக் கேட்டுப் பார்த்தேன். டூலன் குடும்பத்தைப் பற்றி அவை வாய் திறக்கவில்லை. ஆகவே 1986ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நேரே அந்த வீட்டுக்கே புறப்பட்டேன்.

பெண் என் மகள் அல்ல, மருமகள் செலீனா. என் மகன் அந்தோனிதாசன் இரண்டு வருடங்களுக்கு முன் பேசாலைக் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. அவன் மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். அதன் பிறகுதான் அவளும் நானும் இங்கே வந்து சேர்ந்தோம். அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் மிக்கேல் டூலன் மெக்கானிக். நாற்பது வயது, கலியாணம் ஆகாதவன், எங்களைப் போல வேதக்காரன், கத்தோலிக்கன். இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று. அவனுடைய தாய்தான் மறுத்துக்கொண்டிருந்தாள். தாயின் சம்மதம் இல்லாமல் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

பஸ்ஸால் இறங்கியதும், மொழிபெயர்க்க என்னோடு வந்த செலீனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மாமா, இண்டைக்கு மட்டும் புளுகாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.”

“நான் எப்ப பிள்ளை புளுகினனான்?”

“போன கிழமை பாதருக்கு என்ன சொன்னனீங்கள்? மன்னார்க் கழுதையள் முழங்காலிலை நிண்டு செபம் சொல்லுமெண்டு.”

“எல்லாக் கழுதையுமெண்டு நான் சொல்லேல்லையே.”

அவள் சிரிக்கவில்லை. நான் வாக்குக் கொடுத்தேன்.

தாயின் பெயர் பிர்கித்த. எண்பதை எட்டிக்கொண்டிருந்த நெடிய மனுசி. கோப்பி ஊற்றிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் டேனிஷில் சொல்லச் சொல்ல, செலீனா எனக்குத் தமிழாக்கினாள். மிக்கேல் ஜன்னலோரம் நின்றான்.

முதலாவது டூலன் அயர்லாந்திலிருந்து குதிரைகள் விற்கக் கப்பலில் வந்தவனாம். வழியில் குதிரைகள் எல்லாம் டேனிஷ் படித்துவிட்டன, அவன் மட்டும் படிக்கவில்லை. இந்தக் கடைசி விபரம் பிர்கித்த சொன்னதல்ல, நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டது. அவன் இங்கேயே தங்கிக் கலியாணம் செய்தான். அவன் மகனும் செய்தான். பேரனும் செய்தான். பேரன்தான் பிர்கித்தவின் புருசன். மூவருமே இரண்டு தரம் கட்டியவர்கள்.

“ரெண்டு தரம் ஏனாம்?” என்று கேட்டேன்.

பிர்கித்த பதில் சொன்னாள். செலீனா தன் கோப்பையைப் பார்த்தாள்.

“முதல் கட்டின ஆக்களுக்குச் சுகமில்லாமல் போனதாம், மாமா.”

“செத்துப்போனார்கள், ஐயா,” என்றான் மிக்கேல் ஆங்கிலத்தில், அவள் மழுப்புவதை முகத்தில் கண்டுகொண்டு. நான் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஆங்கிலம் பழகியவன் என்பது அவனுக்குத் தெரியும். “மூவரும், கலியாணமான வருடமே. ஒருத்தி பிள்ளைப்பேற்றில், ஒருத்தி காய்ச்சலில், ஒருத்தி ஏரியில் பனிக்கட்டி உடைந்து. இரண்டாவதாக வந்தவர்கள்தான் பிள்ளை பெற்று, வயதாகி வாழ்ந்தார்கள். அம்மாவும் இரண்டாவதுதான். என்னைக் கட்ட வந்த பெண்களை எல்லாம் இதைச் சொல்லியே அனுப்பிவிட்டாள்.”

பிர்கித்த செலீனாவின் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

“என்னைப் பிடிச்சிருக்காம், மாமா,” என்றாள் செலீனா. “அதாலைதான் வேண்டாமாம்.”

என் நாக்கு நுனியில் அருமையான புளுகு ஒன்று வந்து நின்றது. விழுங்கினேன். பிறகு, கண்ணால் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது.

“இதுக்கு எங்கட ஊரிலை பரிகாரம் இருக்கு. முதல் ஒரு வாழையை மாப்பிள்ளைக்குக் கலியாணம் கட்டி வைக்கிறது. பிறகு அதை வெட்டிவிட்டால், வாற பொம்பிளை ரெண்டாவது.”

“மாமா! வாக்குத் தந்தனீங்கள்!”

“புளுகில்லை பிள்ளை. ஊரிலை எங்கட அயலிலை இருந்த கந்தையா வீட்டிலை நடந்தது. நான் பக்கத்திலை நிண்டனான்.”

அவள் மொழிபெயர்க்க மறுத்தாள். நான் ஆங்கிலத்தில் மிக்கேலுக்குச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டேதான் தாய்க்குச் சொன்னான். தாய் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனாள். நாங்கள் பின்னால் போனபோது, கொட்டிலிலிருந்து கோடரியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் சமைக்கும் குசினிக்கு நேரே நின்ற பேரிக்காய் மரத்தைக் காட்டி, மகனை அதன் அருகே நிற்கச் சொன்னாள்.

மிக்கேல் இரண்டடி பின்வாங்கினான். “அது அப்பாவின் முதல் மனைவி நட்ட மரம்,” என்றான் என்னிடம்.

அதை வெட்ட ஒரு சாட்டு வேண்டி அவள் நாற்பது வருடங்களுக்கு மேலாகக் காத்திருந்தாளோ என்று எனக்குத் தோன்றியது. கோடரி உயர்ந்தது.

செலீனா பாய்ந்து பிடியைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஒரு கோடரியைப் பிடித்தபடி நின்றார்கள். செலீனா டேனிஷில் நிறுத்தாமல் பேசினாள். எனக்கு அதில் என் மகனின் பெயர் மட்டும் விளங்கியது. இரண்டு தரம் வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நான் சொன்னது இதுதான், மாமா. முதல் கட்டின ஆள் சாகத்தான் வேணுமெண்டால், நான் முதல் கட்டினவர் செத்து ரெண்டு வருசமாச்சு. இன்னொண்டைக் கொல்ல விடமாட்டன், மரமெண்டாலும்.”

பிர்கித்த பிடியை விடாமல் என்னைப் பார்த்து ஒரு சொல் கேட்டாள்.

“உண்மையோ எண்டு உங்களைக் கேக்கிறா.”

“ஓம்,” என்றேன். “நான்தான் அவனுக்கு மண் போட்டனான்.”

வேறொன்றும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிர்கித்த கோடரியை மரத்தோடு சாய்த்துவிட்டு உள்ளே போனாள். சிலுவைக்குக் கீழே மூன்று மெழுகுதிரிகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். நாலாவதையும் ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

“அந்தோனிதாசன்,” என்றேன்.

அவளால் பாதிதான் சொல்ல முடிந்தது. திரும்பவும் சொல்லித் தரச் சொன்னாள். மெல்ல மெல்லச் சொன்னேன். முழுப் பெயரும் அவள் வாயில் வந்தபோது செலீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிர்கித்த அவளுடைய தோளில் கைவைத்து ஏதோ கேட்டாள். செலீனா கண்ணைத் துடைத்துவிட்டுத் தமிழாக்கினாள்.

“கலியாணத்தை வைகாசியிலை வைக்கலாமோ எண்டு உங்களைக் கேக்கிறா, மாமா.”

நான் ஓம் என்றேன். மிக்கேல் ஓடிப்போய்க் கோடரியை எடுத்துக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.