பூஜ்யம் ஊதுகிறவன்

ஆரோக்கிய ஜெகனின் மூச்சுக்கு வயது ஐம்பதாயிரம் ஆண்டுக்கும் மேல் என்று சிதம்பரம் ஆய்வகத்தில் தெரியவந்தபோது அவனுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வகத்தில் அவன் மாதிரி சேகரிப்பவன். வடக்கே கடலோர அணுமின் நிலையத்தைச் சுற்றிக் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்ல, அதன் காற்று எட்டாத ஓர் ஊரை வைத்து ஒப்பிட வேண்டும். அப்படி எடுத்துக்கொண்ட ஊர் சிதம்பரம். பிச்சாவரத்து இலை, நெல், பால், சோடாக் கரைசல் புட்டியில் பிடித்த காற்று என அவன் கொண்டுவரும் எல்லாவற்றிலும், உயிருள்ள எதிலும் அந்தக் கார்பன் துளியாவது இருக்கும். மண்ணுக்கடியில் யுகங்களாகக் கிடந்த நிலக்கரியில் இருக்காது; எவ்வளவு குறைவோ அவ்வளவு வயது என்பது கணக்கு. மனைவி பெலிசியா டெங்குவில் இறந்த மாதத்திலிருந்து ஜெகன் கொண்டுவந்த புட்டிகளில் அதன் அளவு குறைந்தது. புட்டியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள அவன் மறந்திருந்தான், அவன் மூச்சும் உள்ளே போயிருந்தது. அதிகாரி கார்த்யாயினி அவனையே குழாயில் ஊதச் சொன்னார். பூஜ்யம் வந்தது.

"நெய்வேலி கரி மாதிரி வருதேப்பா. சாப்டுறியா இல்லியா?"

"சாப்டுறேன் மேடம்."

"என்னத்த, கரியவா?"

சேதி கேட்டுக் கடலூரிலிருந்து பெலிசியாவின் அண்ணன் சூசைமாணிக்கம் வந்தான். ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவன்.

"உங்க மூச்சு உங்களோட போவட்டும் மச்சான். புள்ளைய ஏன் அதுல படுக்க வைக்கிறீங்க? எங்கிட்ட குடுத்துடுங்க."

"அவளுக்கும் பாத்துட்டு சொல்றேன் மச்சான்."

இரண்டு வயது இசபெல் அப்பாவின் மார்பில்தான் தூங்குவாள். சிரித்துக்கொண்டே குழாயில் ஊதினாள். முதல் மாதம் சற்றுக் குறைவாக இருந்தது, அடுத்த மாதம் பாதி, மூன்றாம் மாதம் கால்வாசி. ஜெகன் தாளை இரண்டு முறை படித்தான். கவுன்களை மடித்துப் பையில் வைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினான். வழியெல்லாம் முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தான்.

கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்த ஆய்வகத்தில் நிலக்கரி எரிப்பது வழக்கம். கரி தீர்ந்த ஒருநாள் கார்த்யாயினி குழாயை ஜெகனிடம் நீட்டினார். அதற்குப்பின் கரி வாங்கவில்லை. அணுமின் நிலையத்துக் காற்றும் மீனும் இலையும் அவன் மூச்சிலிருந்துதான் எண்ணப்பட்டன. அறிக்கைகளில் அவன் பெயர் அடிக்குறிப்பாக வந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. இசபெல் ஊதிய புட்டியை சூசைமாணிக்கம் மாதாமாதம் கொண்டுவருவான். ஜெகன் முதலில் தன்னுடையதை ஊதி வைப்பான், பிறகு அவளுடையதை எண்ணுவார்கள். ஆடியில் பாதிக்கு ஏறினாள். கார்த்திகையில் முழுதாக வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடலூர் போவான். காற்று அவளிடமிருந்து தன் பக்கம் வரும்படி தெருவில் இடம் பார்த்து நின்று, அவள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.