ஆல்மாவில் நின்றவர்

கிரிமியாப் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிய காலத்தில், இங்கிலாந்தில் தெருவுக்கு ஓர் ஆல்மா பிறந்தாள். அந்தப் போரில் ஆங்கிலப் படை ரஷ்யர்களைத் தோற்கடித்த இடத்து ஆற்றின் பெயர் அது. லிங்கன் நகரில் குதிரைச் சேணம் தைக்கும் சைலஸ் பரேஜும் தன் மகளுக்கு அதையே வைத்தார். "நான் அங்க நின்னவன் ஐயா" என்று பாதிரியாரிடம் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அந்த ஒரு பேச்சுக்காகவே இருபது வருஷம் ஊர் அவருக்கு மரியாதை கொடுத்தது, பியரும் வாங்கிக் கொடுத்தது.

அத்தனையும் கூசாமல் சொன்ன பொய். படை கிரிமியாவுக்குக் கப்பலேறும் முன்பு புகையிலையை மென்று விழுங்கி வாந்தியெடுத்து, காலரா நோயாளிகளோடு படுத்துக்கொண்டவர் அவர்.

மகளின் கல்யாண விருந்துக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் ஐசக் காட்ஸ்பி ரயிலில் வந்திறங்கினார். சைலஸ் இருந்த அதே படைப்பிரிவு. அவரைக் கண்டதும் சைலஸ் கதவுப் பக்கம் நகரப் பார்த்தார். ஓடி ஒளியவும் வழியில்லை.

ஆல்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து ஐசக்கின் எதிரே உட்கார வைத்தாள்.

"மாமா, அன்னிக்கு எங்கப்பா என்ன பண்ணாருன்னு நீங்களாவது சொல்லுங்க. இவரக் கேட்டா நின்னேன், நின்னேன்னுதான் சொல்றாரு. இருபது வருஷமா நின்னுக்கிட்டே இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஐசக் மட்டும் சைலஸை ஒரு தரம் பார்த்தார்.

"எனக்கு இடப்பக்கம் நின்னான்மா. மார்பளவு தண்ணி. நான் வழுக்கினப்ப கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டான்."

இடப்பக்கம் சைலஸின் இடம்தான். அது காலியானதால் அங்கே போய் நின்றவன் ஐசக்கின் தம்பி ரூபன். ரூபன் கரையேறவே இல்லை. செத்த தம்பியின் இடத்தைக் கல்யாணப் பெண்ணுக்காக இந்த மனுஷன் தூக்கிக் கொடுக்கிறாரே என்று சைலஸ் கூனிக் குறுகிப்போனார்.

"பையன் பொறந்தா சைலஸ்னுதான் பேரு" என்றாள் ஆல்மா.

"வேணாம்மா. ரூபன்னு வை."

"அது யாருப்பா?"

"விடுடா சைலஸ்" என்று ஐசக் முணுமுணுத்தார்.

"அங்க நின்னது அவன்தான். இவரு தம்பி. நான் நிக்கல. நோய் வந்த மாதிரி நடிச்சுப் படுத்துக்கிட்டேன்."

ஆல்மா அப்பாவின் கையை விடவில்லை. உதறியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.