நாற்பத்தோராவது வீடு

...இரண்டில் எதை என்று கேட்டால் எதைச் சொல்வது, நோய்ப்பரவல் ஆய்வா, சுகாதாரக் கல்வியா, இரண்டுமே பொது சுகாதார முதுகலைதான், இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது, ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்யாவிட்டால் இரண்டும் போய்விடும், இப்போது மணி மூன்று பத்து, சுகாதார நிலையத்துத் தடுப்பூசி அறை மூலையில் கணினி முன்னால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அக்கா போனிலேயே சிரித்தாள், "துணிக்கடைல நிக்கிற மாதிரி ரெண்டையும் புரட்டிட்டே இருக்கியே, எதையாவது ஒண்ண எடுத்துட்டுக் கிளம்புடி." அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். ஆய்வுப் படிப்பு என்றால் நிம்மதி, அறைக்குள் எண்களோடு இருந்துவிடலாம், யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்... கல்விப் படிப்பு என்றால் வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். மனசு முதலாவதற்கே தாவுகிறது, ஏன் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அந்த ஆய்வுப் படிப்பின் பேராசிரியர் கடிதத்தில் எழுதியிருக்கிறாரே, நாற்பத்தோரு வீட்டுக்கும் நேரில் போய் நான் எடுத்த குடிநீர்க் கணக்கெடுப்புதான் அவரைக் கவர்ந்ததாம். நாற்பத்தோராவது வீடு நான்காம் மாடியில், லிஃப்ட் கிடையாது, அன்று காலையிலிருந்து நடந்து கால் வீங்கியிருந்தது, கீழ்ப்படியில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினேன், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்களா, ஆம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா, இல்லை. முக்கால்வாசிப் பேர் சொன்னதைத்தானே இவர்களும் சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் வேறு, மகா புத்திசாலி. காய்ச்சாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்ன குளோரின் மாத்திரையில் ஒரு பட்டை பையிலேயே மிஞ்சியது, இன்னும் இந்த மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது... பத்தாம் நாள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டு வயது, வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போயிருந்தது, பதிவேட்டில் முகவரியை நான்தான் எழுதினேன், அதே நாற்பத்தோராவது வீடு, நான்காம் மாடி. அதன் அம்மா என்னிடமே கேட்டாள், "தண்ணி சரியில்லன்னு எங்க வீட்டுக்கு யாருமே வந்து சொல்லலையே, சிஸ்டர்." நான் என்ன சொன்னேன்? "டாக்டர் இப்ப வந்துடுவாரு, இருங்க." அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், மறுநாளே உயிர் போய்விட்டது. அறிக்கை மட்டும் நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்று மேலே போனது, பாராட்டும் வந்தது. அக்காவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

சரி, கல்விப் படிப்பையே எடுத்துக்கொள்வோம், இனியாவது ஒழுங்காகப் படியேறுவோம் என்று அந்த உறுதிப் படிவத்தைத் திறந்தால் அதிலும் அதே கேள்வி, களப்பணியில் நேரில் சென்ற வீடுகள் எத்தனை. ஆய்வுப் படிவத்திலும் இதே கட்டம்தானே இருந்தது. நாற்பது என்று அடித்தேன், அழித்தேன், நாற்பத்தொன்று என்று அடித்தேன், அதையும் அழித்தேன்... நாற்பது என்றால் அந்த ஒன்று என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், கேட்கட்டுமே, கேட்டால் என்ன சொல்வாய்? போன நாற்பது வீட்டில் யார் முகமும் ஞாபகத்தில் இல்லை, யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுகூட வரவில்லை, போகாத வீட்டின் கதவு மட்டும் தெரிகிறது. அன்று ஏறித் தட்டியிருந்தால் அந்த அம்மாதான் திறந்திருப்பாள், குழந்தை இடுப்பில் இருந்திருக்கும், நல்லபடியாக, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். மணி நான்கு ஐம்பது. கட்டம் காலியாகவே இருக்கிறது.