நேரில் கண்ட வருகை: ஏழு

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அட்டவணையை எழுதியவனும் நான்தான். கல்வி அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தனாக இருக்கிறேன். போன வருடம் வைகாசியில், வாவியின் இரு கரையிலும் உள்ள இரண்டு அரச பாடசாலைகளை ஒப்பிட்டு, தரம் ஆறு முதல் ஒன்பது வரை எதில் வைத்திருக்கலாம் என்று எழுதச் சொன்னார்கள். கிழக்கே எழுவான்கரையில் இருப்பது அ. மேற்கே படுவான்கரையில் இருப்பது ஆ. பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். (போட மாட்டார்கள். ஆ-வுக்காக வழக்குப் போட யார் இருக்கிறார்கள்?)

2

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் காலை வெயில்..." வேண்டாம். மட்டக்களப்பில் பேனா பிடித்தவனெல்லாம் முதலில் வாவியில்தான் இறங்குகிறான்.

இரண்டாவது: "அ-வில் விஞ்ஞான ஆய்வுகூடம் இருந்தது. ஆ-வில் அந்தப் பெயர் எழுதிய அறைக்குள் அரிசி மூட்டைகள் இருந்தன." உண்மைதான். ஆனால் இது கதையில்லை, முறைப்பாடு.

மூன்றாவது: "ஆ-வில் பதிவு நாற்பத்தொன்று. நான் போன திங்கட்கிழமை வந்திருந்தது ஏழு பேர்." இது இருக்கட்டும். அட்டவணையிலும் இதைத்தான் எழுதினேன். தை மாதம் ஆ-வில் அந்த நாலு வகுப்புகளையும் மூடிவிட்டார்கள்.

3

இனி கஜானி, ஆ-வில் படித்தவள். வயது பதின்மூன்று. தகப்பன் கனகசிங்கம் வாவியில் மீன்பிடிப்பவர். "கணக்கில் கெட்டிக்காரி" என்று எழுதிவிட்டு அழித்தேன். கெட்டிக்காரியாக இருந்தால்தான் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா?

அந்த வகுப்புகளை மூடிய பிறகு இரண்டு மாதம் கனகசிங்கம் அவளைத் தோணியில் அக்கரைக்கு ஏற்றி இறக்கினார். அந்த நேரத்தில் வலை பார்க்க முடியவில்லை. பங்குனியோடு அவள் நின்றுவிட்டாள். இப்போது இறால் கோது உரிக்கப் போகிறாள்.

4

என் பிழையை இப்படி எழுதி வைத்திருந்தேன்: "அது குளிர்த்திக் கிழமை* என்று அந்த உத்தியோகத்தருக்குத் தெரியாது."

*கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒரு தரம், வைகாசியில், குளிர்த்திச் சடங்குக்குத் திறக்கும். அந்தக் கிழமை ஏழு நாளும் ஊரே கோயிலடியில்தான் கிடக்கும், பிள்ளைகள் உட்பட.

போன கிழமை, அந்த முடிவை மீளாய்வு செய்ய அலுவலகம் படிவம் தந்தது. கனகசிங்கத்திடம் போனேன். தோணியில் இருந்தபடி வலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சேர். இன்னும் என்ன எண்ண இரிக்கி?"

"அண்டைக்குக் குளிர்த்தி எண்டு எனக்குத் தெரியாமப் போயிற்று, அண்ணன்."

அவர் கை நின்றது.

"தெரியாதா? நீங்களும் கோயிலடிக்கு வந்தநீங்கதானே. மரத்துக்குக் கீழ இருந்து பொங்கல் திண்டீங்க. என்ட மகள்தான் இலையில கொண்டந்து தந்தவ."

நான் கையிலிருந்த படிவத்தை மடித்தேன்.

"ரெண்டாம் தரமும் கேட்டீங்க சேர்."

மேலே அழிக்காமல் விட்டிருக்கும் அந்த வசனம் பொய். நான் ஆரையம்பதிக்காரன். குளிர்த்தி தெரியாமல் வளர்ந்தவனில்லை. நாற்பத்தொருவரில் முப்பத்துநாலு பேர் எங்கே என்று தெரிந்தேதான் ஏழு என்று எழுதினேன். இன்னொரு நாள் வருவதென்றால் பாதையடியில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் அந்த இரும்பு மிதவை நினைத்த நேரத்துக்கு வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்.

முதலாவது: ஆ-வில் அந்த வகுப்புகள் மறுபடி திறக்கின்றன, கஜானி வெள்ளைச் சட்டையோடு... எழுத எழுத எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: தோணி கவிழ்கிறது. நீங்கள் அழுவீர்கள், நானும் நல்ல எழுத்தாளனாவேன். ஆனால் அவள் உயிரோடுதான் இருக்கிறாள். விரல் நுனி வெடித்து, இறால் உரிக்கிறாள். அதற்கு யாரும் அழுவதில்லை.

மூன்றாவது: மீளாய்வுப் படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "அன்று குளிர்த்தி, தெரிந்தே எழுதினேன்" என்று நாலு சொல் எழுதினால் வகுப்புகள் திரும்பி வரலாம். என் வேலை நிச்சயம் போகும்.

அந்த நாலு சொல்லை அங்கே எழுதாமல்தான் இத்தனை சொல்லை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைக்குள் சொன்னால் என்னை யாரும் விசாரிக்க மாட்டார்கள். கனகசிங்கத்துக்கு இது கிடைக்கவும் போவதில்லை.

முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் உங்களால் அந்தக் கட்டத்தில் எழுத முடியாது, அதற்கு என் கையொப்பம் வேண்டும். படிவம் வெள்ளிக்கிழமை நாலு மணிவரை என் மேசையில் இருக்கும். இன்று வெள்ளி. மணி மூன்றரை. நான் இன்னும் கதையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.