துளை இருந்தால் சாது

அண்ணன் கொடுத்தனுப்பிய பாட்டிலில் கடல் தண்ணீர் பழுப்பேறியிருந்தது. அவன் கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவன். தங்கை கடலின் நுண்பாசிகளை இனம் பிரிப்பவள். தண்ணீர் நிறம் மாறினால் முதல் பாட்டில் அவளிடம்தான் வரும். வீட்டிலேயே ஒரு பாசிக்காரி இருக்கும்போது சோதனைக்கு எவன் வரிசையில் நிற்பான்?

ஒரு சொட்டில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். உடம்பெல்லாம் தகடு போர்த்திய உருண்டைப் பாசிகள். இந்தக் குடும்பத்தில் உரித்துவைத்தாற்போல் இரண்டு உண்டு. ஒன்று சாது. மற்றது சிப்பிக்குள் விஷமாகச் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, தின்றவனுக்குத்தான் ஆகும். வேகவைத்தாலும் போகாத விஷம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இருப்பது முதல் தகட்டின் ஓரத்தில் ஒரு துளை. துளை இருந்தால் சாது என்பது பாடம். கண் எரியும்வரை பார்த்தாள். எல்லாவற்றிலும் துளை இருந்தது.

"துளை இருக்குண்ணே. சாதுதான்."

"என் படகுல துளை இருந்தா மட்டும் ஏன்டி முழுகுது?"

"விளையாடாதே. ஜீன் சோதனை முடிவு நாளைக்கு வரும்..."

"நீ கண்ணால பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? காலையில கயிறைத் தூக்கிச் சிப்பியை எடுத்துடறேன்."

பொறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கண்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் மதியம், அவள் ஆய்வகத்தின் ஜீன் பகுதிக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். கிளை கிளையாக ஒரு வம்சப் படம்.

"உங்க பாசி விஷக்காரங்க கிளையில உட்கார்ந்திருக்கும்மா."

"குழாய் மாறிப்போச்சா சார்?"

"மறுபடியும் ஓட்டிப் பார்த்துட்டேன். இது துளை இருக்கிற விஷம். துளையை நம்புன்னு புத்தகம் சொல்லுது. பாசி புத்தகம் படிக்கலையே."

அவள் வராந்தாவுக்கு ஓடி வந்து அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, சிப்பியை அனுப்பிட்டியா?"

"வண்டி சாயங்காலம்தான். கூடையெல்லாம் கரையில இருக்கு."

"ஒண்ணும் அனுப்பாதே. நான் சொன்னது தப்பு."

"நேத்து சாது, இன்னைக்கு ரவுடியா? நல்லா இருக்குடி உன் உத்தியோகம்."

"நீ சாப்பிட்டியா?"

"முதல் சட்டி எனக்குத்தானே? உங்க அண்ணி கையால தொடமாட்டா. வேண்டியமட்டும் தின்னேன்."

"உதடு எப்படி இருக்கு?"



"காரம்னு நினைச்சேன்," என்றான். "விரல்கூட மதமதன்னு இருக்கு."

போனை அண்ணியிடம் கொடுக்கச் சொன்னாள். இந்த நொடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். அண்ணி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. செருப்புச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கும் சத்தம், வண்டிக் கதவு. இவளால் செய்ய முடிந்தது போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பதுதான்.

"ஏத்தியாச்சு. டாக்டர்கிட்ட என்ன மருந்து போடச் சொல்ல? நீ படிச்சவ, சொல்லு."

அந்தப் பாசியின் ஒவ்வொரு தகடும் அவளுக்குத் தெரியும். இப்போது வம்சமும் தெரியும்.

"மருந்து இல்ல அண்ணி. சிப்பி விஷம்னு சொல்லுங்க. மூச்சு திணறினா மெஷின் வைக்கணும். விஷம் தானா இறங்கறவரைக்கும்."

"மருந்தே இல்லையா?"

"இல்ல."

பின்னாலிருந்து அண்ணனின் குரல் கொழகொழவென்று கேட்டது.

"என்ன சொல்றான் அண்ணி?"

"கேலி பண்றார்னு நினைக்கிறேன்," என்றாள் அண்ணி. "வார்த்தை புரியல."