உள்ளே வந்த அப்பா

என் வீட்டுக்காரர் போதகர். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அந்த வாரம் மட்டும் வாயடைத்துப் போயிருந்தார். ஒரு சொல்லால் உலகத்தையே உண்டாக்கிய கடவுள், ரத்தமும் சதையுமாக இங்கே பிறந்து வந்து ஏன் கஷ்டப்பட வேண்டும், அங்கிருந்தே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று சபையில் ஒருவர் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இவர் தாள் தாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் எங்கள் மகளுக்குத் தலைவலி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். மூளையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மயக்க மருந்தும் அவளுக்கு ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்து, மூச்சு நின்று திரும்பியவள். விழித்தபடியே அசையாமல் படுத்தாக வேண்டும்.

அவளா படுப்பாள்? ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் தலை போனதுமே வீலென்று கத்தினாள். அது காந்த மெஷின், என் காலில் ஆபரேஷன் செய்து வைத்த கம்பி இருப்பதால் என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தவித்தேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்கேன் எடுக்கிற பெண்ணிடம் மைக்கை வாங்கி, பிரசங்கக் குரலிலேயே, "மகளே, பயப்படாதே, அப்பா உன் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். கூரையிலிருந்து இடி மாதிரி குரல் வந்தால் பிள்ளை என்ன ஆகும்? இன்னும் அலறினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க பக்கத்துல இருக்கீங்க? உள்ள போங்க" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. மனுஷனுக்கு அடைத்த இடம் என்றால் உயிரே போய்விடும். லிஃப்டில் ஏறமாட்டார். குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் போடமாட்டார், வாசலில் நான்தான் காவல். கொஞ்சம் தயங்கினார். பிறகு, ஜெபக்கூட்டத்திலிருந்து அப்படியே போட்டு வந்த வெள்ளை அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கடிகாரம் போனது, பெல்ட் போனது. கழற்றவே வராத கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டு இழுத்தோம். ஆஸ்பத்திரி உடுப்பு அவர் தொப்பைக்குப் போதாமல் முதுகில் பிளந்து நின்றது. அந்தக் கோலத்தில் குனிந்து, குழாயின் மறுபக்கம் வழியாகத் தலையையும் கைகளையும் உள்ளே நுழைத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது.

"அப்பா, உங்க கை நடுங்குது. உங்களுக்கும் பயமா?"

"ஆமாம்மா. ரொம்ப."



"நான் ஆடமாட்டேன். நீங்களும் ஆடாதீங்க."

மெஷின் தடதடவென்று அடித்தது. இரண்டு பேரும் ஆடவில்லை.

மூளையில் ஒன்றுமே இல்லை, வெறும் ஒற்றைத் தலைவலிதான், மருந்தில் அடங்கிவிடும் என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். 

காரில் திரும்பும்போது மகள் பின்னாலிருந்து கேட்டாள். "மேல இருந்து கத்தினாரே, அவரு யாருப்பா?"

"நான்தாம்மா."

அவள் நம்பவில்லை. "அவரு வேற. நீங்க உள்ள வந்த அப்பா."

"ரெண்டும் ஒரே ஆள்தாம்மா" என்றவர், வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

பிரசங்கத்துக்கு எழுதிக்கொள்ளத் தாள் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "இது மறக்காது."